முற்றத்துத் தோட்டம்: குடும்பமே உட்கார்ந்து அனுபவிக்க, பருவத்துக்குப் பருவம் ஒரு முழுமையான வழிகாட்டி

முற்றத்தில் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் செடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் வாரம் ஐந்து தொட்டி, அடுத்த மாதம் பத்து. ஆறு மாதத்தில் சுவரோரம் நிரம்பி நடு முற்றத்துக்கும் வந்துவிடும். அதற்குள் நாற்காலி போட இடம் போயிருக்கும். உட்கார இடமில்லாத தோட்டத்துக்கு வீட்டில் ஒருவர் மட்டும், அதுவும் தண்ணீர் ஊற்ற மட்டும் போவார். அவருக்கு உடம்பு சரியில்லாத ஒரு வாரத்தில் பாதிச் செடிகள் காய்ந்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஆட்கள், அடுத்து வெயில், அதன்பின் தொட்டியும் மண்ணும், கடைசியாகத்தான் செடி. எத்தனை தொட்டி வைக்கலாம் என்பதையும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் ஊற்றுவது, பூச்சி பார்ப்பது, கட்டிவிடுவது எல்லாம் சேர்த்து ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து தினமும் இருபது நிமிடம் ஒதுக்க முடியுமென்றால் 15 முதல் 20 தொட்டிகள் போதும். அதற்கு மேல் போனால் அது வேலையாகிவிடும்.

படி 1: உட்காரும் இடத்தை முதலில் குறியுங்கள்

ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உட்கார 80 செ.மீ. சதுர மேசை வேண்டும். நாற்காலியை இழுத்து எழுந்திருக்க ஒவ்வொரு பக்கமும் 75 செ.மீ. விட வேண்டும். ஆக, 2.3 மீட்டருக்கு 2.3 மீட்டர். அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரோரமாக 45 செ.மீ. உயரத்தில் ஒரு நீள பெஞ்சு போடுங்கள், பாதி இடம் மிச்சமாகும். இந்தச் சதுரத்துக்குள் ஒரு தொட்டிகூட வராது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

நடைபாதைக்கு 60 செ.மீ. அகலம் போதும். சக்கர நாற்காலியோ நடைச் சட்டமோ பயன்படுத்தும் பெரியவர் இருந்தால் 90 செ.மீ. விடுங்கள். குனிய முடியாதவர்களுக்காக, மொத்தத் தொட்டிகளில் நான்கில் ஒரு பங்கையாவது 70 முதல் 75 செ.மீ. உயர மேசையில் ஏற்றி வையுங்கள். கீரையும் புதினாவும் அங்கே போகட்டும், தக்காளியெல்லாம் தரையிலேயே இருக்கலாம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால், ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெரியவர் அடுத்த வாரமே கத்தரிக்கோலோடு நிற்பார்.

தரையின் சரிவைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே தொட்டி வைக்கக் கூடாது. மீட்டருக்கு 1 செ.மீ. என்ற அளவில் தரை வடிகால் பக்கம் சாய்ந்திருந்தால் நல்லது. பாசி பிடித்து வழுக்கும் தரையைச் செடி வாங்கும் முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள். பிறகு தொட்டிகளை நகர்த்தி யாரும் கழுவப் போவதில்லை.

முற்றம் மாடியில் இருந்தால் எடையையும் கணக்குப் போட வேண்டும். நனைந்த தோட்ட மண் ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரை வரும். 20 லிட்டர் தொட்டி ஒன்றே 30 கிலோ. தென்னை நார்க்கழிவு கலந்த கலவையில் இது ஏறக்குறைய 20 கிலோவாகக் குறையும். கனமான தொட்டிகளைச் சுவர்களின் ஓரமாகவும், தூணுக்கும் உத்தரத்துக்கும் மேலாகவும் வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். 50 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகள் பல வைப்பதென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டே வையுங்கள்.

மாலையில் உட்காரப் போகிறீர்கள் என்றால் விளக்கு வேண்டும். வெள்ளை, நீல ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். 2700 கெல்வின் என்று எழுதியிருக்கும் பல்பைப் பாருங்கள். தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் வெளிப்புற இணைப்பு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வழியாகத்தான் வர வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது.

படி 2: வெயிலை அளந்து பாருங்கள்

"எங்கள் முற்றத்தில் நல்ல வெயில்" என்ற நினைப்பு பல நேரம் தவறாகவே இருக்கும். விடுமுறை நாள் ஒன்றில் காலை 8 மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மாலை 4 மணி வரை, வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நேரத்தை எழுதுங்கள். குழந்தைகளிடம் கொடுத்தால் அவர்களே அழகாகச் செய்துவிடுவார்கள். முடிவில் எந்த மூலைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்ற வரைபடம் தரையிலேயே கிடைத்துவிடும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

- 6 முதல் 8 மணி நேரம்: தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, எலுமிச்சை.
- 5 முதல் 6 மணி நேரம்: மல்லிகை, செண்டுமல்லி, பீன்ஸ், முள்ளங்கி.
- 3 முதல் 4 மணி நேரம்: கீரைகள், கொத்தமல்லி, புதினா.
- அதற்கும் குறைவு: இலை அழகுச் செடிகள் மட்டும். காய்ச் செடியை அங்கே வைத்து உரத்தைக் கூட்டினால் இலைதான் வளரும், காய் வராது.

இந்த வேலையை ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் செய்ய வேண்டும். சூரியன் போகும் பாதை ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜூனில் முழு வெயில் அடித்த மூலை டிசம்பரில் பக்கத்துச் சுவரின் நிழலில் கிடக்கலாம். நேற்றுவரை நன்றாகக் காய்த்த செடி காரணமில்லாமல் மெலிந்து நீண்டு போனால் உரத்தைத் தேடாதீர்கள், முதலில் அண்ணாந்து பாருங்கள்.

படி 3: தொட்டியும் கலவையும்

தோல்விகளில் பெரும்பகுதி சின்னத் தொட்டியிலிருந்து வருகிறது. வட்டத் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது: 30 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் இருந்தால் சுமார் 21 லிட்டர். தக்காளிக்கும் கத்தரிக்கும் இந்த அளவுக்குக் குறையவே கூடாது. மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், வெண்டைக்கு 15. கீரைக்கு அகலம்தான் முக்கியம், ஆழம் 15 செ.மீ. போதும். முள்ளங்கிக்கு 25 செ.மீ. ஆழம். எலுமிச்சைக்கு 40 லிட்டரில் தொடங்கி 60க்கு மாற்றுங்கள். புதினா பக்கத்துச் செடியின் வேரையும் நெருக்கிவிடும். அதைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

கலவைக்கு அளவு இது. கன அளவில்:

1. சலித்த செம்மண் அல்லது தோட்ட மண் ஒரு பங்கு.
2. நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு.
3. கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு.
4. 20 லிட்டர் கலவைக்கு 50 முதல் 100 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள்.

நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கிவிடும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழியுங்கள், தண்ணீரை மாற்றி மீண்டும் பிழியுங்கள். வடியும் நீரின் அடர்பழுப்பு வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை செய்தால் போதும். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டராக விரியும். சிறிய முற்றத்துக்கு ஒரு கட்டியே தாராளம்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. நுண்துளை மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதாக இறங்காது. மண்ணின் அடிப்பகுதி நிறைந்த பிறகே சொட்டும். கல் போட்டால் அந்த ஈரப்பகுதி மேலே ஏறி வேருக்கு நெருக்கமாகிவிடும், அவ்வளவுதான். துளையின்மேல் ஒரு வலைத் துண்டோ உடைந்த ஓட்டுச் சில்லோ வைத்து, மேல்வரை கலவையையே நிரப்புங்கள். விளிம்பில் 3 செ.மீ. காலியாக விடுங்கள், ஊற்றும் தண்ணீர் நிற்க அந்த இடம் வேண்டும். தொட்டியைத் தரையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தூக்கி வையுங்கள், செங்கல் துண்டுகள் போதும். துளை தரையோடு ஒட்டினால் வேர் அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் செடி அழுகும்.

படி 4: எதை நடுவது

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கட்டும். மற்ற தொட்டிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: ஒரு மாதத்துக்குள் பலன் தருபவை, மூன்று மாதத்தில் தருபவை, ஆண்டுக்கணக்கில் நிற்பவை. மூன்றும் கலந்திருந்தால்தான் தோட்டம் எப்போதும் எதையாவது தந்துகொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் நேராகத் தக்காளிக்குப் போய் மூன்று மாதம் காத்திருந்து சலித்துப்போகிறார்கள். முதல் மாதத்திலேயே பறிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

முளைக்கீரை 4 முதல் 6 நாளில் முளைத்து 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். வெந்தயக்கீரை இன்னும் வேகம், மூன்று நாளில் முளைத்துவிடும், 20 முதல் 25 நாளில் அறுக்கலாம். முள்ளங்கிக்கு ரகத்தைப் பொறுத்து 30 முதல் 45 நாள். கொத்தமல்லிதான் பொறுமையைச் சோதிக்கும். விதையை லேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து, 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து விதைத்தாலும் முளைக்க 7 முதல் 12 நாள் ஆகும். பலர் ஒரு வாரம் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். கிளறாதீர்கள்.

எந்த விதையானாலும் அதன் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும். கீரை விதையை மேலே தூவி மெல்லிய அடுக்கு மண் போட்டால் சரி. மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். தக்காளி, மிளகாய், கத்தரியை நாற்று வளர்க்கும் குழித்தட்டில் விதைத்து, நான்கைந்து இலை வந்தபின் மாலை வேளையில் தொட்டிக்கு மாற்றுங்கள். தக்காளி நாற்றை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் அப்படிப் புதைக்க வேண்டாம்.

உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மல்லிகையும் நிலச்சம்பங்கியும் வையுங்கள். இரண்டுக்கும் மாலையில்தான் மணம் கூடும், குடும்பம் கூடும் நேரமும் அதுதான்.

கொடிகளில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பூசணியும் பாகலும் அதிகாலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். தேனீ வராத முற்றத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிட்டால் காய் பிடிக்கும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், அதுதான் அடையாளம். பிஞ்சு பிடித்து மஞ்சளாகி உதிர்கிறதென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். மாலை ஆறரை மணிக்குச் சுரைப்பூவுக்கு மகரந்தம் தொடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அந்தக் காய் பெரிதாவதை அவர்கள் தினமும் அளப்பார்கள்.

குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கும் வீட்டில் அரளி, ஊமத்தை, டிஃபன்பேக்கியா என்னும் இலை அழகுச் செடி, பால் வடியும் கள்ளி வகைகள் வேண்டவே வேண்டாம். பூனை இருந்தால் லில்லியும் கூடாது, அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

தண்ணீர்: தினமும் இல்லை, தேவைக்கு

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நாளைக்கு, காய்ந்திருந்தால் இப்போதே. ஊற்றும்போது அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும் வரை ஊற்றுங்கள், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் சரி. தினமும் மேலாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கிவிடும். அப்படி வளர்ந்த செடி ஒருநாள் வெயிலைக்கூடத் தாங்காது.

நார்க்கழிவுக் கலவை முழுவதும் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றியவுடனே ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், மண் நனைந்ததாகவே தோன்றும். தொட்டி எடை குறைவாக இருந்தால் இதுதான் காரணம். சிறிய தொட்டியை ஒரு டப்பில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். பெரியதென்றால் பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை சிறிதுசிறிதாக ஊற்றுங்கள்.

மண்ணின் மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அலசிவிடுங்கள். அதன்பின் ஒரு வாரம் கழித்து உரம் வையுங்கள்.

வெயில் காலம்: நிழலும் ஈரமும்

இந்தப் பருவத்தில் வளர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம், காப்பாற்றுவதே வேலை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். இதை எந்த டானிக்கும் தடுக்காது. நிழல் கொடுத்து, ஈரம் காத்து, வெப்பம் குறையக் காத்திருங்கள்.

காய்ச் செடிகளுக்கு 35 விழுக்காடு நிழல்வலை, கீரைக்கும் நாற்றுக்கும் 50 விழுக்காடு. வலையைச் செடியைத் தொடாமல், குறைந்தது இரண்டடி உயரத்தில் கட்டுங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். உட்காரும் இடத்துக்கும் அதே வலையை நீட்டிக்கொள்ளலாம்.

தனியாக நிற்கும் கறுப்புத் தொட்டியின் வெயில் பக்கத்து வேர் வெந்தே போகும். தொட்டிகளை நெருக்கி வையுங்கள், சின்னவை நடுவிலும் பெரியவை வெளியிலுமாக. தொட்டியைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டலாம். மண்ணின் மேல் 5 செ.மீ. கனத்தில் காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல் விட்டுவிடுங்கள். 20 லிட்டர் தொட்டியில் காய்க்கும் தக்காளிக்குக் கடும் வெயிலில் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர்கூடப் பிடிக்கும். காலை 8 மணிக்குள் ஊற்றிவிடுங்கள். நண்பகலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்ற வேண்டாம், மாலையிலும் நிமிராவிட்டால்தான் தாகம். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வருவது கொதிநீர், அதை வாளியில் பிடித்து ஆறவையுங்கள்.

ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றினால் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் ஓட்டம் சீராக இல்லாததால் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது மக்கிச் சேர மாதக்கணக்காகும். தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும்.

குடும்பம் முற்றத்துக்கு வரும் நேரத்தையும் மாற்ற வேண்டும். காலை 7 மணிக்கு முன், மாலை 6 மணிக்குப் பின். தரையில் மாலை ஒரு வாளித் தண்ணீர் தெளித்து அரைமணி நேரம் கழித்து உட்கார்ந்தால் சூடு தணிந்திருக்கும்.

மழைக்காலம்: வடிகால்தான் எல்லாம்

மழைக்கு இரண்டு வாரம் முன்பு ஒவ்வொரு தொட்டியின் அடித்துளையிலும் ஒரு குச்சியை விட்டுத் துழாவுங்கள். அடைத்திருந்தால் இப்போதே திறக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். முற்றத்தின் வடிகால் வாயில் வலைக்கூடை வையுங்கள், ஒரே ஒரு பெரிய இலை போதும், முற்றம் குளமாக. உயரமான செடிகளைக் குச்சியோடு எட்டு வடிவத்தில் துணி நாடாவால் கட்டுங்கள். கம்பியால் கட்டினால் தண்டை அறுத்துவிடும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. கீழே நடப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

தொடர் மழைக்கு முன் உரம் வைக்காதீர்கள், கரைந்து ஓடிவிடும். மழை ஓய்ந்தபின் இலை வெளிர்ந்து மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) கரைந்துபோனதே காரணம். தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். நாற்றின் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் ஈரம் மிகுந்ததும் காரணங்கள். சாய்ந்தது பிழைக்காது. மீதமுள்ளதை நெருக்கம் குறையக் கலைத்து, காற்று படும் இடத்தில் கூரைக்கடியில் வையுங்கள்.

நத்தைகளை இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு தேடிப் பொறுக்குவதுதான் சிறந்த வழி. கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

கொசு விஷயத்தில் மட்டும் முழுக் குடும்பமும் பொறுப்பு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருநாளைக் குறித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீர் அனைத்தையும் கொட்டுங்கள்: தட்டு, பூவாளி, காலித் தொட்டி, சுருட்டிய தார்ப்பாயின் மடிப்பு. கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தண்ணீர் பட்டவுடன் பொரியும். நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குளிர்காலம்: வெயிலைத் தேடி நகர்த்துங்கள்

மிதமான குளிர் உள்ள இடத்தில் தோட்டத்துக்கு இதுவே பொற்காலம். கொத்தமல்லி, கேரட், முள்ளங்கி, காலிஃபிளவர், பட்டாணி எல்லாம் இப்போதுதான் மனம்வைத்து வளரும். வெயிலில் பூக்கொட்டிய தக்காளியும் காய் பிடிக்கும். மழை முடியும் தறுவாயில் குழித்தட்டில் விதைத்துவிட்டால் குளிர் தொடங்கும்போது நாற்று நடத் தயாராக இருக்கும்.

வெயில் நேரம் குறைவதால், டிசம்பரில் போட்ட கோட்டைப் பார்த்துத் தொட்டிகளை நகர்த்துங்கள். சக்கரம் வைத்த பலகை இரண்டு இருந்தால் முதுகு தப்பிக்கும். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், விரல் சோதனையை மட்டும் நம்புங்கள். குளிர்காலத்தில் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் மிகுதியால்தான். மாலையில் ஊற்றினால் இலை இரவு முழுக்க ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும். பூசணி, வெண்டை இலைகளில் மாவு தெளித்ததுபோல் தெரிந்தால் சாம்பல் நோய். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, செடிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுங்கள்.

உறைபனி விழும் ஊர்களில் மிளகாய், எலுமிச்சை, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றை இரவு வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கும் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். சுடுமண் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும், ஈரமண் உள்ள தொட்டி வெடித்துவிடும்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பருவமும் இதுதான், நாள் முழுக்க முற்றத்தில் இருக்க முடியும்.

யாருக்கு எந்த வேலை

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு லிட்டர் பூவாளி கொடுங்கள். அதற்கு மேல் கனம் தூக்கினால் செடிமேல் கொட்டிவிடும். விதைப்பதற்குப் பீன்ஸ், சூரியகாந்தி, பூசணி போன்ற பெரிய விதைகள். ஆறு முதல் ஒன்பது வயதில் முள்ளங்கித் தொட்டியை முழுதாக ஒப்படைக்கலாம், விதைப்பதிலிருந்து பிடுங்குவது வரை. பத்து வயதுக்கு மேல் குறிப்பேடு: விதைத்த நாள், முளைத்த நாள், முதல் பூ, முதல் காய். இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேடே உங்கள் முற்றத்துக்கான பயிர்க் காலண்டர் ஆகிவிடும். வேறெந்த அட்டவணையும் அதற்கு ஈடாகாது.

குழந்தை ஒரு செடியைக் கொன்றுவிட்டால் யாருக்கும் தெரியாமல் அதே இடத்தில் புதியதை வைக்காதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைக் கூடவே பாருங்கள். பழுப்பாகிக் குழைந்து நாறினால் தண்ணீர் கூடிவிட்டது. காய்ந்து நாராக இருந்தால் குறைந்துவிட்டது. தொட்டி வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தால் தொட்டி சிறியது. அடுத்த செடியை அந்தக் குழந்தை சரியாகப் பார்த்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை பூச்சிப் பார்வை

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் பார்வை, மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளை மாவுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி சில இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டலாம். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். எறும்பைத் தடுக்காமல் பூச்சி தீராது.

அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பு. சோப்பை எண்ணெயோடு முதலில் குழப்பிவிட்டுத் தண்ணீரில் விடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் மிதக்கும். ஒரு இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு, மாலை வேளையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை என மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே முறை அடித்துவிட்டு நிறுத்தினால், அதற்குப்பின் பொரிந்த குஞ்சுகள் மீண்டும் பெருகும். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

மூன்று நாள் வரை என்றால் எல்லாத் தொட்டிகளையும் நிழலில் நெருக்கி வைத்து, நன்றாக ஊற்றி, மூடாக்குப் போட்டால் போதும். ஒரு வாரத்துக்குப் பருத்திக் கயிறு வழி: தொட்டிகளைவிட உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர். விரல் தடிமன் பருத்திக் கயிற்றை முழுக்க நனைத்து ஒரு முனையை வாளியின் அடிவரைக்கும், மறு முனையை மண்ணில் 8 செ.மீ. ஆழத்துக்கும் விடுங்கள். நைலான் கயிறு தண்ணீரை இழுக்காது. கொசு புகாமல் வாளியைத் துணியால் இறுக்கக் கட்டுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மணிக்கு 2 லிட்டர் சொட்டி அரைமணியில் 1 லிட்டர் தரும், அதை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். எந்த முறையானாலும் புறப்படும் நாளில் முதல்முறையாக அமைக்காதீர்கள். மூன்று நாள் முன்பே அமைத்து, வாளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பருவம் மாறும் வாரம்

ஆண்டுக்கு மூன்று முறை, ஒரு விடுமுறை நாள் காலையில் எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை இது. முடிந்த செடிகளைப் பிடுங்கி, பழைய மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்குங்கள். நோய் வந்த தொட்டியின் மண்ணைத் தனியே வையுங்கள். வெயில் காலத்தில் அதை ஈரமாக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, 4 முதல் 6 வாரம் முழு வெயிலில் போட்டால் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் பெரிதும் அழியும். நல்ல மண்ணில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு புதிய மக்கு உரம் சேர்த்தால் மீண்டும் பயிருக்குத் தயார். தக்காளி இருந்த மண்ணில் உடனே மிளகாயோ கத்தரியோ உருளையோ வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. பீன்ஸையோ கீரையையோ அடுத்ததாகப் போடுங்கள்.

மக்கு உரத்தை வீட்டிலேயே செய்ய 25 லிட்டர் மூடி வாளி இரண்டு போதும். பக்கங்களில் துளை போட்டு, ஒரு பங்கு சமையலறைப் பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. ஒரு வாளி நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில், கறுத்து, மண்வாசனையோடு, எது என்னவென்று தெரியாத அளவுக்கு உதிர்ந்திருந்தால் தயார். அடுத்த பருவம் மாறும் வாரத்தில் பழைய மண்ணோடு கலக்க அதுவே போதும். தொட்டிகளைத் திரும்ப அடுக்கும்போது முதல் நாள் போட்ட சாக்பீஸ் சதுரத்தை ஒருமுறை மறுபடி வரைந்துவிடுங்கள். இந்த இடைவெளியில் இரண்டு தொட்டிகளாவது அதற்குள் நகர்ந்து வந்திருக்கும். அவற்றை வெளியே எடுத்துவிட்டு நாற்காலிகளைப் போடுங்கள்.